இலை வாடினால் வேரைப் பாருங்கள்: கடலோரக் குளிர்காலத் தோட்டத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

உறைபனி அரிதாக விழும், மண் ஒருபோதும் உறையாது, மழையும் மூடுபனியும் உப்புக்காற்றும் மாறி மாறி வரும். இப்படிப்பட்ட கடலோரக் குளிர்காலம் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பட்டாணி, கேரட், லெட்டூஸ், பாலக், பூண்டு, கொத்தமல்லி எல்லாவற்றுக்கும் உகந்த பருவம். ஆனாலும் ஆண்டுதோறும் அதே கோளாறுகள்தான் திரும்ப வருகின்றன. அவற்றைச் சரிசெய்து சரிசெய்து எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்று உண்டு: இங்கே செடியைக் கொல்வது பெரும்பாலும் குளிர் அல்ல. தேங்கிய ஈரம், உப்பு, வெளிச்சக் குறைவு ஆகிய மூன்றுதான். எனவே உரத்தையோ மருந்தையோ கையில் எடுக்கும் முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்.

ஒரு கைக்கரண்டி, டார்ச் விளக்கு, பூதக்கண்ணாடி, அளவுகோல், மண் வெப்பமானி, கார அமிலநிலை (pH) காட்டும் தாள் இருந்தால் போதும். உங்கள் செடியின் அறிகுறிக்குரிய தலைப்புக்குச் செல்லுங்கள். காரணங்கள் செலவில்லாததில் தொடங்கிச் செலவு மிகுந்ததில் முடிகின்றன. எந்தச் சோதனை 'ஆம்' என்கிறதோ, அங்கேயே நின்று அதைச் சரிசெய்யுங்கள். ஒரே நாளில் மூன்று மாற்றங்களைச் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

அறிகுறி 1: மண் ஈரமாக இருக்கிறது, செடி துவள்கிறது

மிக அதிகமாகத் தவறாகக் கையாளப்படுவது இந்த அறிகுறிதான். துவண்ட செடியைக் கண்டதும் தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள்.

*மேல் மண் மட்டும் ஈரமா?*
மணற்பாங்கான மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் நீரை ஏற்க மறுக்கும். மேலே ஒரு விரற்கடை நனைந்திருக்கும், கீழே புழுதியாக இருக்கும். 10 செ.மீ. ஆழம் தோண்டிப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் ஒரே நேரத்தில் கொட்டாமல், அரை மணி இடைவெளி விட்டு மூன்று முறை மெதுவாக ஊற்றுங்கள். பிறகு மட்கு உரம் கலந்து மூடாக்குப் போடுங்கள்.

*உள்ளேயும் ஈரம், மண்ணில் அழுகிய வாடையா?*
வேருக்குக் காற்று கிடைக்கவில்லை. ஒரு செடியைத் தியாகம் செய்து வேரோடு எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, இழுத்தால் அறாமல் இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். விரலால் உருவினால் தோல் கழன்று உள்நரம்பு மட்டும் கையில் நிற்கும்.

வடிகாலை அளப்பது எளிது. 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது முழுவதும் வடிந்ததும் இரண்டாம் முறை நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பாருங்கள். முதல் நிரப்பலை அளவாகக் கொள்ள வேண்டாம். காய்ந்த மண் வேகமாக உறிஞ்சி ஏமாற்றும். மணிக்கு 2.5 செ.மீ. கூட இறங்காவிட்டால் அந்த இடத்தில் குளிர்காலப் பயிர் தாங்காது. பாத்திகளுக்கு இடையே வாய்க்கால் வெட்டிப் பாருங்கள். அது போதாவிட்டால் 20 முதல் 30 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி அமையுங்கள். குழியில் ஊற்றாத நீர் பக்கவாட்டில் ஊறி வந்தால் நிலத்தடி நீர்மட்டமே உயர்ந்திருக்கிறது. வாய்க்கால் அதற்கு உதவாது, மேட்டுப்பாத்தி ஒன்றே வழி.

*வேரில் வீக்கமா?*
இங்கே மூன்று வகைகளைப் பிரித்தறிய வேண்டும்.

பட்டாணி, அவரை வேரில் சிறு உருண்டைகள் இருந்து, விரலால் தேய்த்ததும் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது நோயே அல்ல. தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் வேர்முடிச்சு அது. மகிழ்ச்சியோடு விட்டுவிடுங்கள். துவள்வதற்கான காரணம் வேறெங்கோ இருக்கிறது.

மணி கோத்ததுபோல் வீங்கி, தேய்த்தாலும் உதிராமல் வேரின் பகுதியாகவே இருந்தால் நூற்புழு. கடலோர மணலில் இது அதிகம். குளிரில் அதன் வேகம் குறைவதால் இந்தப் பருவத்துப் பயிரை எப்படியாவது கரைசேர்த்துவிடலாம். அறுவடை முடிந்ததும் வேர்களை முழுமையாக எடுத்து அகற்றுங்கள். கோடையில் பாத்தியை நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் 4 முதல் 6 வாரம் இறுக மூடி வையுங்கள். அல்லது துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக நட்டு ஒரு பருவம் முழுவதும் வளருங்கள். பாத்தி ஓரத்தில் நாலைந்து சாமந்தி நடுவதால் பயனில்லை.

முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி, காலிஃபிளவர், முள்ளங்கி போன்ற கோஸ் குடும்பச் செடிகளின் வேர் மட்டும் தடித்த விரல்கள்போல் பருத்துக் கோணியிருந்தால் அது வேர்வீக்க நோய். இதன் வித்துக்கள் மண்ணில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். செருப்பிலும் மண்வெட்டியிலும் வெளியிலிருந்து வாங்கும் நாற்றிலும் ஒட்டிக்கொண்டு பரவும். செடியை மட்குக் குழியில் போடாதீர்கள். அமில மண்ணில் இது கொழுத்து வளரும் என்பதால், கார அமிலநிலையை 7.2க்கு மேல் உயர்த்தும் அளவுக்குச் சுண்ணாம்பு இட்டால் கட்டுக்குள் வரும். நோய் அழிந்துவிடாது, அடங்கும். அந்தப் பாத்தியில் பல ஆண்டுகள் கோஸ் குடும்பத்தை நடாமல், வெங்காயம், கீரை, பட்டாணி என்று மாற்றுங்கள்.

*நிபுணரை அழைக்க வேண்டிய இடம்:* வேர்வீக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திகளில் தென்பட்டாலோ, வேர் நன்றாக இருந்தும் தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தாலோ மண்ணையும் செடியையும் வேளாண் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பின்னது தண்டின் நீர்க்குழாய்களைத் தாக்கும் வாடல் நோயாக இருக்கலாம். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது.

அறிகுறி 2: இலை ஓரம் காய்ந்து கருகுகிறது

கடலோரத்தின் தனி அடையாளம் இது. எந்த இலை, எந்தப் பக்கம் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

*காற்று வரும் பக்கத்து இலைகள் மட்டுமா?*
உப்புக்காற்று. புயலடித்த ஓரிரு நாளில் தெரியும். பலத்த காற்று ஓய்ந்ததும் இலைகளை நல்ல நீரால் கழுவிவிடுங்கள். இது செலவில்லாத வேலை. ஆனால் அன்றே செய்ய வேண்டும். நிரந்தரத் தீர்வு காற்றுத்தடுப்பு. சுவரை எழுப்பாதீர்கள். காற்று சுவரைத் தாண்டி மறுபுறம் சுழன்று விழும், செடி இன்னும் அலைக்கழிக்கப்படும். பாதி காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் வலை, மூங்கில் தட்டி, உயிர்வேலி ஆகியவை நல்லவை. ஒரு தடுப்பு தன் உயரத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு தூரம் வரை காற்றைத் தணிக்கும். அதை வைத்துப் பாத்தியின் இடத்தைத் தீர்மானியுங்கள்.

*எல்லாப் பக்கமும், அதிலும் முதிர்ந்த இலைகள் முதலிலா?*
உப்பு மண்ணிலோ பாசன நீரிலோ இருக்கிறது. அண்மையில் அளவுக்கு மீறி உரமிட்டீர்களா என்று முதலில் யோசியுங்கள். இல்லையென்றால் கிணற்று நீரைச் சந்தேகியுங்கள். கடலோரக் கிணறுகளில் நீரை அதிகம் இறைத்தால் கடல்நீர் உட்புகும். உப்பு கூடக் கூட உயரும் மின்கடத்துதிறனைக் காட்டும் சிறு கருவியால் நீரை அளந்து பாருங்கள். மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3ஐத் தாண்டினால் அந்த நீரைக் காய்கறிக்கு விடாதீர்கள்.

இடைப்பட்ட அளவு என்றால் பயிரைத் தேர்ந்தெடுங்கள். அவரை, கேரட், வெங்காயம், முள்ளங்கி, லெட்டூஸ் உப்பைத் தாங்கா. மண்ணின் உப்புநிலை 1 முதல் 1.3 டெசிசீமன்ஸ் ஆனதும் விளைச்சல் குறையத் தொடங்கும். பாலக் 2 வரையும், ப்ரோக்கோலி 2.8 வரையும், பீட்ரூட் 4 வரையும் தாக்குப்பிடிக்கும். மண்ணில் சேர்ந்த உப்பை மழைநீர் கீழே இறக்கிவிடும். வடிகால் சரியாக இருக்கும் பாத்தியில் குளிர்கால மழையே இலவச வைத்தியம்.

*உள்ளிருக்கும் இளம் இலைகளின் நுனி மட்டுமா?*
லெட்டூஸ், முட்டைக்கோஸ் ஆகியவற்றில் வரும். மண்ணில் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) இருந்தும் அது உள்ளிலைகளுக்குப் போய்ச் சேரவில்லை. மூடுபனியால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது இலை நீரை வெளியேற்றாது. நீரோடு ஏற வேண்டிய சுண்ணாம்புச்சத்தும் ஏறாது. இடைவெளியைக் கூட்டுங்கள், ஈரத்தை ஒரே சீராக வையுங்கள், தழைச்சத்தைக் குறையுங்கள். இலைமேல் கால்சியம் தெளிப்பதால் மூடிய தலைக்குள் எதுவும் போய்ச் சேராது.

*ஒரே இரவில் எல்லாம் கறுத்துவிட்டதா?*
மேகமற்ற, காற்றில்லாத இரவுக்கு மறுநாள் இலைகள் வெந்ததுபோல் ஆகிவிட்டால் உறைபனி. கோஸ் குடும்பமும் பாலக்கும் லேசான உறைபனியைத் தாங்கும். பட்டாணியின் இலை தாங்கும், பூவும் காயும் தாங்கா. அப்படிப்பட்ட மாலைகளில் சூரியன் மறையும் முன் மெல்லிய துணியால் மூடி, காலையில் எடுங்கள். பிளாஸ்டிக்கை இலைமேல் படும்படி போட்டால் பட்ட இடம் கருகும். கருகிய இலைகளை உடனே வெட்டாதீர்கள். அடியிலுள்ள மொட்டுகளுக்கு அவை போர்வை. குளிர் விலகியபின் வெட்டலாம்.

அறிகுறி 3: இலை மஞ்சளாகிறது

*கீழ் இலைகள் முழுவதும் வெளிறுகின்றனவா?*
ஒன்றிரண்டு என்றால் முதுமை, பறித்து எறியுங்கள். பல என்றால் முதலில் அறிகுறி 1இல் சொன்ன ஈரச் சோதனையைச் செய்யுங்கள். மண் வடிந்திருந்தால் தழைச்சத்துக் குறைவு. மழை மணலிலிருந்து அதை அடித்துச் சென்றுவிடும். குளிர்ந்த மண்ணில் நுண்ணுயிர்களும் மந்தமாக இருப்பதால் தொழுவுரம் உடனே பலன் தராது. நீர்த்த திரவ உரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள்.

*இளம் இலையில் நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சளா?*
இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை. உலர்ந்த மண்ணில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சிப்பித்தூள் கலந்த சுண்ணாம்பு மணல். அந்த மண்ணுக்கு யார் சொன்னாலும் சுண்ணாம்பு இடாதீர்கள், சாம்பலும் வேண்டாம். மட்கு உரத்தைத் தாராளமாகக் கலந்து, சுண்ணாம்பு மண்ணுக்கென்று விற்கப்படும் இரும்புக் கூட்டுச் சத்தை (செலேட்) இடுங்கள்.

*முதிர்ந்த இலையில் அதே தோற்றமா?*
மெக்னீசியக் குறைவு. எப்சம் உப்புக் கரைசலை இலைமேல் தெளித்தால் தேறும்.

*நிபுணர்:* இரண்டு முறை திருத்தியும் புதிய இலை பச்சையாக வராவிட்டால் மண் பரிசோதனை செய்யுங்கள். ஊகித்து உரமிட்டுக்கொண்டே போவது பரிசோதனையைவிடச் செலவு பிடிக்கும்.

அறிகுறி 4: விதைத்தும் முளை வரவில்லை

பெரும்பாலும் பொறுமைதான் மருந்து. மண் வெப்பமானியை 5 செ.மீ. ஆழத்தில் காலையில் செருகிப் பாருங்கள். கேரட் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரத்தில் முளைக்கும். 10 டிகிரியில் இரண்டரை வாரம் ஆகும். 5 டிகிரியில் ஏழு வாரம் வரை எடுக்கும். லெட்டூஸ் 10 டிகிரியிலும் ஒரு வாரத்தில் வந்துவிடும். பார்ஸ்லி மூன்று நான்கு வாரம் காத்திருக்க வைக்கும். அதன் இயல்பே அப்படி.

நாள் கடந்தும் வரவில்லையென்றால் மண்ணைக் கிளறி விதையைத் தேடுங்கள். கெட்டியாக இருந்தால் இன்னும் பொறுங்கள். நசுங்கிக் கூழானால் ஈரத்தில் அழுகிவிட்டது. பட்டாணிக்கு அடிக்கடி நேர்வது. குழித்தட்டில் முளைக்க வைத்து நடுங்கள். விதையே காணவில்லையென்றால் எலியோ பறவையோ எடுத்திருக்கும், வலை போடுங்கள். லெட்டூஸ் விதைக்கு வெளிச்சம் தேவை என்பதால் ஆழமாகப் புதைத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

விதை பழையதா என்று அறிய, பத்து விதைகளை ஈரத்தாளில் சுற்றி வீட்டுக்குள் வையுங்கள். ஐந்துக்குக் குறைவாக முளைத்தால் புதியது வாங்குங்கள். வெங்காய விதையும் பார்ஸ்லி விதையும் ஓராண்டு தாண்டினாலே வீரியம் இழக்கும்.

அறிகுறி 5: நாற்று சாய்ந்து விழுகிறது

குனிந்து தண்டின் அடியைப் பாருங்கள். நூல்போல் சுருங்கி, நீர்கோத்துப் பழுப்பாக இருந்தால் நாற்றழுகல். விழுந்தது பிழைக்காது. மற்றவற்றைக் காப்பாற்ற நெருக்கத்தைக் கலைத்து, காற்றோட்டம் தந்து, காலையில் மட்டும் நீர் ஊற்றுங்கள். அடுத்த முறை புதிய நாற்று மண், கழுவிய தட்டு.

கத்தியால் அறுத்ததுபோல் தரைமட்டத்தில் துண்டாகிக் கிடந்தால் வெட்டுப்புழு. செடியைச் சுற்றி 5 செ.மீ. ஆழம் கிளறினால் சுருண்டு கிடக்கும். எடுத்துவிட்டு, மீதி நாற்றுகளுக்கு அட்டை வளையம் மாட்டுங்கள். வளையத்தின் பாதி மண்ணுக்குள் இருக்க வேண்டும்.

அறிகுறி 6: இலையில் ஓட்டை

இரவில் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். ஊகம் தேவையே இல்லை. பளபளக்கும் கோழைத்தடம் இருந்தால் நத்தை. கையால் பொறுக்குங்கள், பலகையையும் காய்ந்த இலைக்குவியலையும் அகற்றுங்கள், மிஞ்சினால் இரும்பு பாஸ்பேட் குருணை தூவுங்கள். மெட்டால்டிஹைடு கலந்த குருணை நாய்க்கு நஞ்சு. வளர்ப்புப் பிராணி உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

கரும்பச்சை எச்சம் இருந்தால் கோஸ் புழு. இலையின் அடியைத் திருப்பி முட்டையை நசுக்குங்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து சிறு புழுக்களிடம்தான் நன்றாக வேலை செய்யும், வளர்ந்தபின் தெளிப்பது வீண். நட்ட அன்றே வலை போர்த்துவது எல்லாவற்றிலும் மேல். ஓட்டை இல்லாமல் இலை சுருண்டு பிசுபிசுத்தால் அசுவினி; வேகமான நீர்த்தாரையே முதல் மருந்து.

அறிகுறி 7: இலையில் வெள்ளை மாவு

மேல்பக்கம் இருந்து தேய்த்தால் போய்விட்டால் சாம்பல் நோய், பட்டாணியில் அதிகம். மேலே மஞ்சள் கட்டங்களும் அடியில் சாம்பல் பஞ்சும் தெரிந்தால் அடிச்சாம்பல் நோய். இலை இரவெல்லாம் நனைந்திருப்பதால் வருவது. பாதித்த இலைகளைப் பறித்து, இடைவெளி கூட்டி, இலைமேல் நீர் விடுவதை நிறுத்துங்கள். ஒரு வாரத்துக்குள் பாலக் பாத்தி முழுவதும் பரவினால் அறுவடைக்குத் தேறியதை எடுத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்குங்கள்.

அறிகுறி 8: செடி உயிரோடு இருக்கிறது, வளரவில்லை, அல்லது காலத்துக்கு முன்பே பூக்கிறது

பகல் பொழுது 10 மணி நேரத்துக்கும் குறையும் இடங்களில் கீரையும் கோஸும் ஏறக்குறைய நின்றுவிடும். இது கோளாறு அல்ல. உரம் போட்டுத் தூண்டாதீர்கள். பகல் நீண்டதும் தானாகவே எழும். அடுத்த ஆண்டு அந்த நாள்கள் வரும் முன்பே செடி முக்கால் அளவு வளர்ந்திருக்கும்படி விதையுங்கள்.

காலிஃபிளவர் பொத்தான் அளவில் பூக்கட்டி நின்றுவிட்டால், நாற்று தட்டில் முதிர்ந்துவிட்டதோ நட்டபின் தழைச்சத்தின்றி வாடியதோ காரணம். அந்தச் செடி திருந்தாது. பூவைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்யுங்கள். நாற்று ஐந்தாறு வாரத்துக்குள் பாத்திக்குப் போய்விட வேண்டும்.

வெங்காயம் தண்டு விட்டால், குளிருக்கு முன்பே அது பென்சிலைவிடத் தடித்துவிட்டது என்று பொருள். உடனே பறித்துப் பயன்படுத்துங்கள், சேமிப்புக்கு ஆகாது.

அறிகுறி 9: நறுமணச் செடிகள் பட்டுப்போகின்றன

*ரோஸ்மேரி, தைம், சேஜ்:* ஒரு கிளையை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது; கீழிருந்து கறுத்து வந்தால் ஈரம் தேங்கியிருக்கிறது. தொட்டி என்றால் தட்டை எடுத்துவிட்டு, செங்கல்மேல் ஏற்றி வையுங்கள். தரையில் என்றால் சரளை கலந்த மேட்டுக்கு மாற்றுங்கள். பச்சையுள்ள கிளைகளில் பதியன் எடுத்து வைப்பது நல்ல காப்பீடு.

*பேசில்:* 10 டிகிரிக்குக் கீழே போனால் இலை கறுக்கும். போராட வேண்டாம், ஜன்னலோரத் தொட்டிக்கு மாற்றுங்கள் அல்லது கோடை வரை விடைகொடுங்கள்.

*புதினா:* மேற்பகுதி காய்ந்துவிட்டால் வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் தூங்குகிறது. இலையடியில் ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தால் துரு நோய். தரைமட்டத்தில் வெட்டி, வெட்டியதை வெளியேற்றுங்கள்.

*கொத்தமல்லி:* இலை சிவந்தால் குளிர், கவலை வேண்டாம். நாற்றைப் பிடுங்கி நட்டால் வேர் அடிபட்டுப் பூத்துவிடும். விதைத்த இடத்திலேயே வளருங்கள்.

அறிகுறி 10: பூண்டு, வெங்காயத்தின் இலை ஒட்டுமொத்தமாக மஞ்சள்

நுனி மட்டும் காய்வது சாதாரணம். ஒட்டுமொத்தமாக மஞ்சளானால் ஒன்றைப் பிடுங்குங்கள். அடியில் வெள்ளைப் பஞ்சும், அதில் கசகசா அளவுக் கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தால் வெள்ளை அழுகல். இந்தப் பூஞ்சை அந்த மண்ணில் இருபது ஆண்டுகள் வரை காத்திருக்கும். சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி அகற்றுங்கள், கருவிகளைக் கழுவுங்கள், அந்தப் பாத்தியில் வெங்காயக் குடும்பத்தை இனி நடாதீர்கள். பெரிய அளவில் பயிரிடுபவர் இந்த அறிகுறியைக் கண்ட அன்றே வேளாண் அலுவலரை அழைப்பது நல்லது.

நிபுணரிடம் போகும்போது

ஒரு இலையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பாதி பாதித்த செடி ஒன்றை வேரோடும் மண்ணோடும் எடுங்கள். முழுக்கச் செத்த செடியில் பின்னால் வந்த பூஞ்சைகள்தான் தெரியும். வேரையும் மண்ணையும் மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டி, இலைகளைக் காகிதத்தில் சுற்றுங்கள். நலமான செடி ஒன்றையும் ஒப்பிட வைத்திருங்கள். மண் மாதிரியைப் பாத்தியின் ஏழெட்டு இடங்களில் 15 செ.மீ. ஆழத்திலிருந்து எடுத்துக் கலந்து கொடுங்கள். எப்போது நட்டீர்கள், கடைசியாக என்ன இட்டீர்கள், அறிகுறி எந்த மூலையில் தொடங்கி எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.